வெள்ளையா இருக்கறதுதான் அழகுன்னுட்டாங்க: மாயேபூர் பக்கம் நாங்க பின்னுன பவளப்பாறையோட கதை

முதல்லயே சொல்லிடறேன், நான் ஓவியரும் இல்ல, கடல் ஆராய்ச்சிக்காரியும் இல்ல. தூத்துக்குடி பக்கத்துல பொறந்து, கல்யாணமாகி 2009ல மொரீஷியஸ் வந்து, மாயேபூர் பக்கத்துல ஒரு கிராமத்துல சனிக்கிழமை சனிக்கிழமை கோவில் கூடத்துல பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லித் தர்றவ. இங்க நம்ம ஆளுங்க வீட்டுல பேசறது பிரெஞ்சுல இருந்து வந்த கிரியோல் மொழி, தமிழ் பெரும்பாலும் கோவிலோடயும் கிளாஸோடயும் நிக்குது. அந்த கிளாஸுக்கு பிள்ளைங்களைக் கொண்டு வந்து விட்டுட்டு ரெண்டு மணி நேரம் வெளிய சும்மா உக்காந்திருக்கற பொம்பளைங்கதான் இந்தக் கதையில வர்றவங்க. நாங்க சேர்ந்து குரோஷேவுல, அதாவது கொக்கி ஊசியால பின்னற வேலையில, ஒரு பவளப்பாறை பின்னினோம். மூணு வருஷம் ஆச்சு. அதுல எது சரியா வந்துச்சு, எது சொதப்புச்சு, ஏன்னு எழுதி வைக்கலாம்னுதான் இது, ஏன்னா இதே மாதிரி பண்ணணும்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி எனக்குத் தொண்டை போச்சு.

ஆரம்பம் 2020. ஜூலை 25ம் தேதி வாகாஷியோங்கற கப்பல் எங்க பக்கத்துல இருக்கற பாயிண்ட் டெஸ்னி கரைக்கு எதிர்ல பாறைத் திட்டுல ஏறி நின்னுடுச்சு, சரக்கு இல்லாத கப்பல்தான், ஆனா அது ஓடறதுக்கான எண்ணெயே கிட்டத்தட்ட 4,000 டன் உள்ள இருந்துச்சு. ஆகஸ்ட் 6ம் தேதி கசிய ஆரம்பிச்சது, சுமார் 1,000 டன் கடல்ல கலந்துச்சு, 15ம் தேதி கப்பல் ரெண்டா உடைஞ்சது. அந்த நாள்ல நாடே தையல் கடையா மாறிடுச்சுன்னு சொல்லலாம். கரும்புச் சோகையைத் துணிக்குள்ள திணிச்சு, உள்ள காலி பாட்டில் வச்சு மிதக்க விட்டு, நீளமா மலைப்பாம்பு மாதிரி தடுப்பு செஞ்சோம், எண்ணெய் கரைக்கு வராம இருக்க. சில பேர் தலைமுடிய வெட்டிக் குடுத்தாங்க. எங்க மாமியார் தன்னோட பழைய திரைச்சீலை அத்தனையும் எடுத்துக் குடுத்துட்டு ஒரு மாசம் ஜன்னலுக்கு பேப்பர் ஒட்டி வச்சிருந்தாங்க. அந்த வேலை முடிஞ்சப்புறம் ஒரு வெறுமை வந்துச்சு. கை பழகிடுச்சு, ஆனா செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. அதைத்தான் நான் உண்மையான தொடக்கம்னு நினைக்கறேன், கலை மேல ஆசைன்னெல்லாம் ஒண்ணும் பெருசா கிடையாது.

2022ல ஜெர்மனியில பாடன் பாடன்ங்கற ஊர் மியூசியத்துல வச்சிருந்த கம்பளிப் பவளப்பாறை போட்டோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. 40,000 பவளத்துக்கு மேல, பின்னினவங்களே ஏறக்குறைய 4,000 பேர். இது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா கதை வேற எங்கயோ போகுது. டைனா டைமினான்னு லாட்வியாக்காரங்க ஒரு கணக்கு பேராசிரியை, அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியில இருந்தாங்க, 1997ல ஹைபர்பாலிக் பரப்புன்னு சொல்ற, ஓரத்துக்குப் போகப் போக பரப்பு கூடிக்கிட்டே போய் நெளியற ஒரு வடிவத்தை, கைல பிடிச்சு மடக்கிப் பார்க்கற மாதிரி குரோஷேவுல பின்னிக் காட்டலாம்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒட்டி ஒட்டிச் செஞ்ச மாடல் பொசுக்குன்னு கிழிஞ்சுடும். அந்த நெளிநெளியான வடிவம் பவளத்துக்கும் கடல் பாசிக்கும் அப்படியே பொருந்துறதைப் பார்த்து, ஆஸ்திரேலியாவுல பொறந்த இரட்டைச் சகோதரிங்க மார்கரெட் வெர்தைமும் கிறிஸ்டின் வெர்தைமும் 2005ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல அவங்க வீட்டுலயே பின்ன ஆரம்பிச்சாங்க. அது 2019ல வெனிஸ் பியனாலேங்கற பெரிய கலைக் கண்காட்சி வரைக்கும் போச்சு, 50க்கும் மேற்பட்ட ஊர்ல ஜனங்க அவங்கவங்க பாறையைப் பின்னியிருக்காங்க. அவங்க பாறையிலயே கடல் சூட்டுல கலர் போய் வெளுத்த பவளத்தைக் காட்டுற பகுதி தனியா உண்டு, பிளாஸ்டிக் குப்பையில பின்னினது தனியா உண்டு.

இதுல எங்களுக்குப் பிடிச்சது செய்முறை சுலபமா இருந்ததுதான். 20 கண்ணு சங்கிலி போட்டுக்கோங்க. அடுத்த வரிசையில ஒவ்வொரு கண்ணுலயும் ரெண்டு போடுங்க, 40 ஆகும். அதுக்கடுத்து 80, 160, 320, அஞ்சாவது வரிசையில 640. இடம் பத்தாது, அதனால ஓரம் தானா சுருண்டு நெளிய ஆரம்பிக்கும். நாலு கண்ணுக்கு ஒண்ணுன்னு கூட்டினா மெதுவா சுருளும், பெரிய இலை மாதிரி வரும். டிசைனே தேவையில்ல, கூட்டுற வேகத்தை மாத்தினா வேற வேற பவளம். பவளம் நிஜமாவே அப்படி நெளியறதுக்குக் காரணம் உண்டு, கொஞ்ச இடத்துல நிறைய பரப்பு கிடைச்சா வெயிலும் தீனியும் அதிகமா பிடிக்கலாம்ல. எங்க தாந்தின் (கிரியோல்ல அத்தைன்னு அர்த்தம்) ஒருத்தங்க, 70 தாண்டினவங்க, சின்ன வயசுல கன்னியாஸ்திரிங்ககிட்ட குரோஷே கத்துக்கிட்டவங்க, "அம்பது வருஷமா சுருளாம பின்னறதுக்குத்தான் அடி வாங்கினேன், இப்ப சுருளணும்னு சொல்றீங்க"ன்னு சிரிச்சாங்க.

முதல் தகராறு கலர்ல வந்துச்சு. கிளாஸ்ல பிள்ளைங்ககிட்ட பவளப்பாறை வரையச் சொன்னேன், தமிழ்ல நல்லா படிக்கறவங்க அத்தனை பேரும் சிவப்பா வரைஞ்சாங்க. ஏன்னா பாடத்துல பவளம்னா சிவப்பு, நவரத்தினத்துல ஒண்ணு, உதட்டுக்கு உவமை சொல்றது. கிரியோல்ல கோராய்னு மட்டும் தெரிஞ்ச வாண்டுங்க பழுப்பும் பச்சையுமா வரைஞ்சதுங்க, அதுங்கதான் சரி. நகையில கோக்கற அந்தச் சிவப்புப் பவளம் முக்கியமா மத்தியத்தரைக் கடல்ல இருந்து வர்றது, வேற இனம், நம்ம லாகோன்ல, அதாவது கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவுல இருக்கற கடல்ல, வளர்றது இல்ல. இன்னொரு கோளாறும் அந்தப் பேருக்குள்ளயே இருக்கு, பாறைன்னு சொல்லிட்டோம், அதனால அது ஒரு உயிர்ங்கறதே மனசுல நிக்க மாட்டேங்குது. எங்க ஊர் மீனவங்க இதை வெறுமனே பார்னு சொல்வாங்க, இங்க அலை உடையற இடத்தை ப்ரிசான்னு சொல்றாங்க. எந்தப் பேருலயும் உயிர் இல்ல.

எனக்கு இது கொஞ்சம் உறுத்துற விஷயம். மன்னார் வளைகுடாவுல பவளக்கல்லை வெட்டி எடுத்து சூளையில போட்டு சுண்ணாம்பாக்கின தலைமுறையைப் பார்த்து வளர்ந்தவ நான், எங்க தாத்தா வீட்டு அஸ்திவாரத்துலயே அந்தக் கல்லு கெடக்கு, நாங்க அதுல உக்காந்து புளியங்கொட்டை தேய்ப்போம். அங்க இருந்த 21 தீவுல ரெண்டு தண்ணிக்குள்ள போயிடுச்சு, வெட்டினதும் அதுக்கு ஒரு காரணம். இங்க வந்து பார்த்தா கடலோரத்துல பழைய சுண்ணாம்புச் சூளை, அதே பவளத்தை எரிச்சது. 1700கள்ல பிரெஞ்சுக்காரங்க போர்ட் லூயிஸ் நகரத்தைக் கட்ட பாண்டிச்சேரியில இருந்து நம்ம கொத்தனார்களைக் கூட்டிட்டு வந்தாங்கன்னு படிச்சிருக்கேன், அப்போ அந்தச் சுவத்துச் சுண்ணாம்பைக் குழைச்சது யார் கையா இருக்கும்னு யோசிச்சுக்கிட்டே ஒருநாள் பஸ்ஸை விட்டுட்டேன். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நூல் வாங்கினதுல ரெண்டாவது தப்பு. காசு இல்ல, அதனால மலிவா கிடைச்ச அக்ரிலிக் உல்லனை அள்ளிட்டு வந்தோம். அக்ரிலிக்னா பிளாஸ்டிக்தானேன்னு கிளாஸ்ல 13 வயசுப் பொண்ணு ஒருத்தி எல்லாரும் பின்னிக்கிட்டிருக்கும்போது சத்தமா கேட்டா. பதில் சொல்ல முடியல. அப்புறம் பழைய காட்டன் புடவையை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு உருண்டை சுத்திப் பின்ன ஆரம்பிச்சோம், ஆனா இங்க பீரோவுல இருக்கற புடவையில பாதிக்கு மேல நைலக்ஸும் பாலியஸ்டரும்தான், அதுவும் பிளாஸ்டிக்! பிளாஸ்டிக் பை கிழிச்சுப் பின்னலாம்னா நாட்டுல 2016லயே பைக்குத் தடை வந்துடுச்சு, கிடைக்கறது கஷ்டம் (நல்ல விஷயம்தான், ஆனா எங்களுக்குத் தேவைப்பட்ட நேரத்துல பார்த்து). தைப்பூசக் காவடிக்குக் கட்டுற அந்த ரோஸ் கலர் பருத்தித் துணி வீடு வீடா இருக்கு, அதைக் கேட்டா பெரிய வாக்குவாதம், சாமிக்கு விரதம் இருந்து கட்டினதைக் கிழிக்கலாமான்னு. கடைசியில ஒரே ஒரு அம்மா குடுத்தாங்க, "ஆறுமுகன் ஒண்ணும் சொல்ல மாட்டான், கடல் அவன் சண்டை போட்ட இடம்தானே"ன்னு. அந்த ரோஸ்தான் எங்க பாறையோட மொத்த லுக்கையும் தூக்கிக் குடுத்துச்சு.

2023ல முதல் தடவை காட்சிக்கு வச்சோம். ரெண்டு பகுதி. இடது பக்கம் கலர் கலரா உயிருள்ள பாறை, வலது பக்கம் பழைய வேட்டியையும் வெள்ளைப் புடவையையும் கிழிச்சுப் பின்னின வெளுத்த பாறை. நடுவுல ஒரு அட்டையில விளக்கம் எழுதி வச்சோம். பவளங்கறது சின்னச் சின்னப் பூச்சி மாதிரி பிராணிங்க கூட்டமா சேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டி வாழறது. அதோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு, வெயில்ல அது சமைச்சுத் தர்ற சாப்பாடுதான் பவளத்துக்கு 90 சதவீதம் வரைக்கும். வழக்கமான கோடைக்காலத்து உச்ச சூட்டை விட தண்ணி ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடிச்சாப் போதும், ரெண்டுக்கும் ஒத்துவராம பவளமே அந்தப் பாசியைத் துரத்திடும். கலர் பாசியோடது, அதனால பவளம் கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்கற சுண்ணாம்பு வெள்ளையா தெரியும். அப்பவும் அது சாகலை, பட்டினி கெடக்கு. தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா பாசி திரும்ப வரும்.

ஜனங்க வந்தாங்க. நேரா வலது பக்கம் போனாங்க. எல்லாரும் வெள்ளைக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்தாங்க. "எவ்வளவு க்ளீனா இருக்கு", "கல்யாண மேடைக்கு வைக்கலாம் போல". கலர் பக்கத்தைப் பார்த்து பொம்மைக் கடை மாதிரி இருக்குன்னுட்டாங்க. நாங்க துக்கம்னு நினைச்சு வச்சது அவங்களுக்கு அலங்காரமா தெரிஞ்சது. எங்க மாமியார் மட்டும் வெள்ளைப் பக்கம் போகவே இல்ல, "தாலி அறுத்தவ புடவை மாதிரி இருக்கு, பார்க்க முடியல"ன்னு சொன்னாங்க. நான் எதிர்பார்த்த பதில் அது ஒண்ணுதான், ஆனா அதுவும் பவளத்தால வந்தது இல்ல, மாமனார் போனதால வந்தது.

அடுத்த வாரம் ஒரு ஹோட்டல்ல இருந்து ஆள் வந்தாரு. வெள்ளைப் பகுதியை மட்டும் லாபியில வைக்க வாங்கிக்கறோம், சுவத்து கலருக்கு செட் ஆகும்னாரு. அவர் சொன்ன தொகை எங்க பொம்பளைங்க பல பேருக்கு ரெண்டு மாசச் சம்பளம். சாயங்காலம் உக்காந்து பேசினோம், பேசினோம்னு சொல்றது மரியாதைக்கு, சண்டைதான். குடுத்தா ரெண்டையும் சேர்த்து, விளக்க அட்டையோட வைக்கணும்னு சொல்லி அனுப்பினோம், அவர் வேண்டாம்னு போயிட்டாரு. எங்கள்ல ஒருத்தங்க அதுக்கப்புறம் வீட்டுலயே தனியா வெள்ளைப் பவளம் பின்னி வேற ஒருத்தருக்கு வித்தாங்க. அவங்களை நான் தப்பு சொல்ல மாட்டேன், கை அவங்களோடது, கரண்ட் பில்லும் அவங்களோடதுதான்.

ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. எதுல கோட்டை விட்டோம்?

பதில் சொன்னது ஒரு மீனவர். நாங்க தோந்தோன்னு கூப்பிடுவோம், கிரியோல்ல மாமான்னு அர்த்தம், வாழ்நாள் பூரா பிரோக்ல, சின்ன மீன்பிடிப் படகுல போனவரு. காட்சியோட கடைசி நாள் வந்து ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டு கிரியோல்ல சொன்னாரு, தமிழ்ல எழுதறேன்: "மகளே, வெள்ளை கொஞ்ச வாரம்தான் இருக்கும். 2016ல பார்த்தேன். அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு நீங்க காட்டவே இல்லையே. அதுமேல பாசி ஏறி சேறு மாதிரி ஆயிடும், கை வச்சா வழுக்கும், புயல் வந்தா முறிஞ்சு குப்பையா கெடக்கும். கட்டோ மீன் (கிளிமீன்) நிறைய இருந்தா பாசியை மேஞ்சு தின்னுடும், ஆனா கட்டோவை நாமதான் பிடிச்சுத் தின்னுட்டோம்." இன்னொண்ணும் சொன்னாரு, எங்க கலர் பக்கமும் பொய்யாம். உயிருள்ள பாறை அவ்வளவு கலரா இருக்காது, பெரும்பாலும் தேன் கலர், நுனியில கொஞ்சம் ஊதா, நீலம். "உயிரோட இருக்கறதும் பழுப்பு, செத்ததும் பழுப்பு. உனக்கு வித்தியாசம் தெரியாது, எனக்குத் தெரியும்."

அந்த இடத்துலதான் எனக்குப் புரிஞ்சது, தப்பு கலர்ல மட்டும் இல்ல, கதையோட கடைசிப் பக்கத்தைக் கிழிச்சிட்டு நாங்க காட்சி வச்சிருக்கோம். உலகத்துல நிறைய பேர் இதே இடத்துல நின்னுடறாங்கன்னு தோணுது. வெளுத்த பவளம் கேமராவுக்கு நல்லா விழும், நீலத் தண்ணியில பனி விழுந்த மாதிரி. வருஷா வருஷம் ஒரு கலரைத் தேர்ந்தெடுக்கற பான்டோன் கம்பெனி 2019க்குத் தேர்ந்தெடுத்த கலரோட பேரே உயிருள்ள பவளம்னு அர்த்தம் வர்ற ஆரஞ்சு ரோஸ், அந்த வருஷம் புடவைக் கடையில அந்தக் கலர் எவ்வளவு போச்சுன்னு ஞாபகம் இருக்கும். வித்தியாசமா யோசிச்சவங்களும் உண்டு. ஜேசன் டிகேர்ஸ் டெய்லர்னு ஒரு சிற்பி ஆஸ்திரேலியாவுல டவுன்ஸ்வில் கடற்கரைக்கு முன்னாடி ஒரு பொண்ணு சிலை வச்சிருக்காரு, 2019ல வச்சது, கடல் தண்ணி சூட்டுக்கு ஏத்த மாதிரி அதோட வெளிச்சக் கலர் நீலத்துல இருந்து சிவப்புக்கு மாறும். பிள்ளைங்க நாமளும் லைட் போடலாம்னு குதிச்சாங்க. கூடத்துல ஒரே பிளக் பாயிண்ட், அதுவும் மைக் செட்டுக்கு.

மூணாவது பகுதிக்கு கலரை நம்ப வேண்டாம், தொட்டுப் பார்க்கறதை நம்பலாம்னு முடிவு பண்ணோம். சர்க்கரை மூட்டை கட்டுற பழைய சாக்கு, கிரியோல்ல கோனின்னு சொல்றாங்க, நம்ம கோணிதான், முதல் தடவை கேட்டப்ப சந்தோஷமா இருந்துச்சு. அதைப் பிரிச்சு நார் நாரா எடுத்து, நெளிவுங்களை வேணும்னே கலைச்சு, முடிச்சு போடாம அவுத்து விட்டு, மேல நார் சிலிர்த்து நிக்கற மாதிரி செஞ்சோம். பின்னினதைத் தானே அவுக்கறது பொம்பளைங்களுக்கு சுலபமா வரல. அந்த 70 வயசுத் தாந்தின் ரெண்டு வாரம் வரவே இல்ல, அப்புறம் வந்து "நான் பின்னினதை வேற யாராவது அவுத்துடுங்க, என் கண்ணு முன்னாடி வேண்டாம்"னாங்க. தோந்தோன் கடல்ல அறுந்து கெடந்த நரம்பும் வலைத்துண்டும் கொண்டு வந்து குடுத்தாரு, அதையும் சேர்த்துக்கிட்டோம். இந்த வேலை நடந்துக்கிட்டிருக்கும்போதே, 2024 ஏப்ரல் 15ம் தேதி, உலக அளவுல நாலாவது பெரிய வெளுப்பு நடக்குதுன்னு அமெரிக்காவோட கடல், வானிலை நிறுவனமான நோவா அறிவிச்சாங்க. முதல்ல 1998, அப்புறம் 2010, அப்புறம் 2014ல ஆரம்பிச்சு 2017 வரைக்கும் இழுத்தது, இப்ப இது. 1998ல சீஷெல்ஸ்ல உள்தீவுங்களைச் சுத்தி பவளத்துல பெரும்பகுதி அழிஞ்சது, மொரீஷியஸ் ஓரளவு தப்பிச்சது, அந்த நேரம் பார்த்து அனசெல் புயல் வந்து மேகமும் மழையுமா தண்ணியைக் குளிர வச்சதுதான் காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்காங்க. புயலுக்கு நன்றி சொன்ன ஊர் இது ஒண்ணாத்தான் இருக்கும். உலக வெப்பம் 1.5 டிகிரி கூடினா 70 முதல் 90 சதவீதம் பவளப்பாறை போயிடும், 2 டிகிரின்னா 99 சதவீதத்துக்கு மேலன்னு ஐ.நா.வோட பருவநிலை ஆய்வுக் குழுவான ஐபிசிசி 2018லயே சொல்லிடுச்சு, அந்த நம்பரை அட்டையில எழுதி வச்சோம், யாரும் அட்டையைப் படிக்கலைங்கறதையும் இங்க பதிவு பண்ணிடறேன்.

2024 கடைசியில ரெண்டாவது காட்சி. இந்தத் தடவை கயிறு கட்டி ஒதுக்கி வைக்கல, தொடலாம்னு விட்டோம். வெள்ளைப் பக்கம் கூட்டம் இருக்கத்தான் செஞ்சது, ஆனா அதைத் தொட்டுக்கிட்டே வந்த கை அப்படியே மூணாவது பகுதி மேல போனதும் சடக்குன்னு பின்வாங்குச்சு. கோணி நார் குத்தும், வலை நரம்பு கையில சிக்கும், பழைய சாக்கோட மக்குன வாடையும் வரும். "இது என்ன, இதை ஏன் முடிக்கல?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. தோந்தோன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, கேட்டவங்களுக்கெல்லாம் பக்கத்துல இருக்கற ப்ளூ பே கடல்ல எந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கதை சொன்னாரு, அங்க கண்ணாடி அடி போட்ல போறவங்களுக்குக் காட்டுற இடத்தையும் காட்டாத இடத்தையும் சேர்த்து. சில பேர் அரை மணி நேரம் நின்னு கேட்டாங்க. என்னைக் கேட்டா முழுக் காட்சியிலயும் சிறந்த படைப்பு அந்த ஸ்டூல்தான்.

இதால கடல்ல ஒரு பவளமாவது பிழைச்சுதான்னு கேட்டா, இல்ல. தண்ணி சூடு எங்க ஊசிக்குக் கட்டுப்படாது. ஆனா எங்க குரூப்ல நாலு வீட்டுல கட்டோ வாங்கறதை நிறுத்திட்டாங்க, வெள்ளைப் பவளத் துண்டை ஷோகேஸ்ல வச்சிருந்த ஒரு அம்மா அதைத் திரும்பக் கொண்டு போய் லாகோன்ல போட்டுட்டு வந்தாங்க. செத்த துண்டைப் போட்டு என்ன பிரயோஜனம்னு அவங்க வீட்டுக்காரர் கேட்டாராம். தெரியலை, வீட்டுல வச்சிருக்கப் பிடிக்கலைன்னாங்களாம்.

செய்யணும்னு நினைக்கறவங்களுக்கு நான் சொல்றது ரெண்டே விஷயம். கடல்ல போன ஒருத்தரை முதல் நாள்லயே கூப்பிடுங்க, நாங்க மாதிரி கடைசி நாள்ல இல்ல. அப்புறம் விக்கலாமா வேண்டாமாங்கறதை ஊசியைத் தொடறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுக்கோங்க.

இப்ப பாறை முழுக்க கோவில் கூடத்து அலமாரியில மூணு அட்டைப்பெட்டியில இருக்கு. 2025 பிப்ரவரியில, மழையும் புழுக்கமுமா இருந்தப்ப, அந்துருண்டை மாத்தலாம்னு திறந்தா வெள்ளைப் பகுதி பூரா பூஞ்சை பூத்திருக்கு, பச்சையும் சாம்பலுமா திட்டுத் திட்டா. தாந்தின் தலையில கை வச்சுட்டாங்க. சோடா மாவு போட்டு ஊற வச்சுத் துவைச்சா போயிடும்னு வாளியே எடுத்துட்டு வந்துட்டாங்க. நான் வேண்டாம்னேன், தோந்தோன் சொன்னது இதானே, நாம செய்யாமலே நடந்திருக்குன்னேன். அதுக்காக எங்க வேட்டியும் புடவையும் நாறட்டுமான்னு அவங்க கேட்டாங்க, அதுவும் நியாயம்தான். ரொம்ப நேரம் பேசி, பாதியைத் துவைச்சுக் கொடியில போட்டோம், மீதி பாதி அப்படியே பெட்டியில இருக்கு.